கணினிக்கு நம் தேவையை யார் சொல்வது? மென்பொருள் திட்டமிடலில் ஏஐ செய்வதும் செய்யாததும்

உங்கள் அடையாள அட்டை எண் எத்தனை பேருக்குத் தெரியும்?

நெகிரி செம்பிலான், சுவா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் குடியிருப்பவர் என்றால் கொஞ்சம் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஆபீஸ் கிராணியிடம் ஒரு நகல் இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது கொடுத்தது ஒன்று, கோயில் சங்கத்தில் ஒன்று, மோட்டார் சைக்கிளைத் தவணையில் எடுத்த கடையில் ஒன்று. அஞ்சல் குறியீட்டைக் கேட்கவே வேண்டாம். தோட்டம் முழுக்க ஒரே எண்தான்.

ஒரு மென்பொருளை வடிவமைக்கும்போது இந்தத் தகவல் மேசைக்கு வர வேண்டும். வராமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

'பாடு' தொடங்கியபோது நடந்தது

2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 'பாடு' எனப்படும் முதன்மைத் தரவுத் தளத்தைப் புத்ராஜெயாவில் தொடக்கி வைத்தார். பொருளாதார அமைச்சும், மலேசியப் புள்ளிவிவரத் துறையும், மாம்புவும் சேர்ந்து, அரசு ஊழியர்களைக் கொண்டே உருவாக்கிய தளம் அது. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மார்ச் 31-க்குள் உள்ளே போய், தங்களைப் பற்றிய 39 விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். மானியமும் உதவித் தொகையும் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை இந்தத் தரவை வைத்து முடிவு செய்யலாம் என்பது திட்டம்.

தொடங்கிய கையோடு ஒரு சிக்கல் வெளியே வந்தது. வேறொருவரின் அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பேரில் பதிவைத் தொடங்க முடிகிறது என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக் காட்டினார். முகத்தையும் அட்டையையும் படம் எடுத்து உறுதி செய்யும் 'ஈ-கேஒய்சி' கட்டம் முடிந்த பிறகுதான் கணக்கு முழுமையாகச் செயல்படும் என்று அமைச்சு விளக்கம் தந்தது. ஓட்டையும் அடைக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது கோளாறின் வகை. கணக்கு தப்பாகக் கூட்டிய நிரல் கிடையாது இது. பதிவு செய்ய ஒரு வழி வேண்டும் என்ற தேவை எழுதப்பட்டு, அதன்படி வேலையும் நடந்திருக்கிறது. 'என் பேரில் இன்னொருத்தர் பதிவைத் தொடங்கவே முடியக் கூடாது' என்ற எதிர்மறைத் தேவை போதிய அழுத்தம் பெறவில்லை. கோலாலம்பூர் அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு அஞ்சல் குறியீடு ஓரளவுக்காவது அடையாளமாக இருக்கலாம். தோட்டத்து லயத்தில் அது ஒரு பூட்டே கிடையாது.

'தேவைப் பொறியியல்' என்றால் என்ன?

ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, யாருக்காகச் செய்ய வேண்டும் என்பதைக் கேட்டு, எழுதி, முரண்பாடுகளைத் தீர்த்து, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதல் வாங்கும் வேலைக்குத்தான் தேவைப் பொறியியல் என்று பேர். வீடு கட்டுமுன் கொத்தனாரோடு உட்கார்ந்து 'அடுப்படி எந்தப் பக்கம், சாமி அறை எங்க' என்று பேசுகிறோமே, அந்த மாதிரி. சுவர் எழும்பிய பிறகு கதவை மாற்றினால் ஆகும் செலவு உங்களுக்கே தெரியும்.

அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1987-லேயே, மென்பொருள் வேலையில் ஆகக் கடினமானது எதைக் கட்டுவது என்று துல்லியமாக முடிவு செய்வதுதான் என்று வாதிட்டார். ஐந்து வருடம் கழித்து, 1992 அக்டோபர் 26-ஆம் தேதி, லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் புதிய கணினி அனுப்பு முறை தடுமாறி நின்றது. வண்டிகள் எங்கே நிற்கின்றன என்றே கணினிக்குச் சரியாகத் தெரியவில்லை. அழைப்புகள் குவிந்தன. வண்டி ஓட்டும் ஊழியர்களைப் போதுமான அளவு கலந்து பேசாமல் செய்த வேலை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வந்த குறைகளில் ஒன்று.

நம் நாட்டு அரசுத் துறைகளுக்கு இதற்கென்றே 'கிரிசா' என்ற வழிகாட்டி உண்டு. தேவைகளை எப்படித் திரட்டுவது, எப்படி ஆவணமாக்குவது என்று அது சொல்கிறது. ஆனால் வழிகாட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், தேவைகள் கடைசியில் மனிதர்கள் பேசும் சொற்களில்தான் வந்து சேர்கின்றன. சிக்கலும் அங்கேதான்.

'வழக்கம் போலப் போட்டுக்கலாம்'

ஓர் உதாரணம். சுவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வருகைப் பதிவுச் செயலி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பெரட்டுக்கு வந்தவர்களை மண்டோர் கைப்பேசியில் பதிய வேண்டும். மழை நாளில் என்ன செய்வது என்று மென்பொருள் நிறுவனத்து ஆள் கேட்கிறார். கிராணி சொல்கிறார்: "மழ வந்தா வழக்கம் போலப் போட்டுக்கலாம்."

கிராணிக்கு அது முழுமையான பதில். முப்பது வருடப் பழக்கம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. கேட்டவருக்கோ ஒன்றும் தெரியாது. எந்த மழை? மரத்தில் கை வைப்பதற்கு முன்பே வந்த மழையா, வெட்டி முடித்து மங்கில் பால் இறங்கும்போது வந்து அடித்துக்கொண்டு போன மழையா? இரண்டுக்கும் சம்பளம் ஒன்றா? 'வழக்கம்' எது? 'போட்டுக்கலாம்' என்றால் போட வேண்டும் என்ற கட்டாயமா, போட்டாலும் சரி விட்டாலும் சரியா? போடுவது மண்டோரா, ஆபீசா?

அவர் இதை மலாயில் எழுதும்போது '-லாம்' என்பது 'போலே' ஆகிறது. 'போலே' என்றால் முடியும் என்றும் பொருள், அனுமதி உண்டு என்றும் பொருள். தேவை ஆவணங்களுக்கான ஐஎஸ்ஓ 29148 தரநிலை கட்டாயம், விருப்பம், அனுமதி என்ற மூன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. மலாயில் கட்டாயத்துக்குச் சட்டங்களில் வருவது போல 'ஹெண்டாக்லா' என்று எழுதலாம். ஆனால் கிராணியின் 'லாம்' அந்த மூன்றில் எது? 'போலே' என்று எழுதியதை விருப்பத் தேவை என்று எடுத்துக்கொண்டு முதல் பதிப்பில் விட்டுவிட்டால், அந்த மாதம் மழை நாள் சம்பளம் யாருக்கும் ஏறாது. அப்புறம் ஆபீஸ் வாசலில்தான் பஞ்சாயத்து.

இன்னொரு பொறியும் உண்டு. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. மலாயிலும் 'கீத்தா' வேறு, 'காமி' வேறு. (ரப்பர் கித்தா இல்லை, அது தனி!) ஆங்கிலத்துக்குப் போனால் இரண்டும் ஒரே சொல். "நாங்க பார்த்த பிறகுதான் சம்பளம் போகணும்" என்று ஆபீஸ் சொன்னதை ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு, மண்டோரும் சேர்ந்து பார்க்க வேண்டுமா என்பது தெரியாமல் போகும்.

சரி, இதுல ஏஐ எங்க வருது?

சாட்ஜிபிடி வந்த பிறகு ஆரம்பித்த கதை என்று பலர் நினைக்கிறார்கள். முயற்சி அதைவிட ரொம்பப் பழசு. 1983-ல் ரஸ்ஸல் அபாட் என்பவர், சாதாரண ஆங்கில விவரணையில் பெயர்ச்சொற்களைத் தரவு வகைகளாகவும் வினைச்சொற்களைச் செயல்களாகவும் எடுத்துக்கொண்டு நிரலின் வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றார். மண்டோர், தொழிலாளி, வருகை என்பவை ஒரு பக்கம். பதிவது, திருத்துவது, அனுப்புவது மறுபக்கம். 1991-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் ரூபன்ஸ்டைனும் வாட்டர்ஸும் 'தேவைப் பணி உதவியாளன்' என்ற சோதனை நிரல் பற்றி எழுதினார்கள். முழுமையற்ற, முரண்பட்ட விவரங்களை வாங்கிக்கொண்டு, 'இங்கே இடிக்குதே' என்று ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும் என்பது அதன் வேலை.

1997 வாக்கில் நாசா எளிமையான வழியில் போனது. தேவை ஆவணங்களில் 'போதுமான', 'பொருத்தமானபடி', 'எளிதாக' போன்ற வழுக்கல் சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணும் கருவி ஒன்றை உருவாக்கியது. அதைப் பெரிய அறிவு என்று சொல்ல முடியாது, சொல் தேடல்தான். ஆனாலும் பயன்பட்டது. நம் கிராணியின் 'வழக்கம் போல' அந்தப் பட்டியலில் ஏறியிருந்தால் அன்றே சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

அடுத்த கட்டம் இயந்திரக் கற்றல். ஒரு தேவை வாக்கியத்தைப் பார்த்து, இது செயல்பாட்டுத் தேவையா, இல்லை பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை போன்ற தரத் தேவையா என்று கணினியே பிரிக்க வேண்டும். எதற்கு என்கிறீர்களா? தரத் தேவைகள் பெரும்பாலும் பக்கங்களுக்கு நடுவே புதைந்து, கடைசி நேரத்தில்தான் யாருக்காவது ஞாபகம் வரும். பாடு விஷயத்தில் கிளம்பியதும் பாதுகாப்புக் கேள்விதான்.

இந்தப் பயிற்சிக்கு ஆய்வாளர்கள் பல வருடம் பயன்படுத்திய தரவுத் தொகுப்பில் மொத்தம் 625 வாக்கியங்கள். அமெரிக்காவின் டிபால் பல்கலைக்கழக மாணவர்களின் 15 திட்டங்களிலிருந்து வந்தவை, எல்லாம் ஆங்கிலம். 2018-ல் கூகுள் வெளியிட்ட 'பெர்ட்' வகை மொழி மாதிரிகள் வந்ததும், 2020-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ ஆய்வாளர்கள் அதே தொகுப்பில் முந்தைய முறைகளைவிட நல்ல முடிவு காட்டினார்கள். உலகத்தின் எத்தனையோ மென்பொருள்களின் தேவைகளைப் பிரிக்கப் போகும் ஏஐ, ஒரு கல்லூரி மாணவர்கள் எழுதிய 625 வாக்கியங்களில் பழகியது என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

இப்போதைய பெருமொழி மாதிரிகள் எதில் கெட்டி?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வேலையின் தோற்றமே மாறியது. கூட்டத்தின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி உள்ளே போட்டால் தேவைப் பட்டியல் வரைவு வந்துவிடும். நாற்பதாம் பக்கத்தில் சொன்னது மூன்றாம் பக்கத்தோடு மோதுகிறது என்று காட்டும். சோதனைக் கேள்விகளையும் தயார் செய்யும்.

என் கணிப்பில் அது ஆகப் பயன்படும் இடம் வேறு. பொறியாளர்கள் 'தவறான பயன்பாட்டு நிகழ்வு' என்று ஒன்றை எழுதுவார்கள். நார்வே ஆய்வாளர்கள் சிந்திரேயும் ஓப்தாலும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் பரப்பிய முறை. பயனர் என்ன செய்வார் என்பதோடு, கெட்டவன் என்ன செய்வான் என்பதையும் ஒரு தேவையாக எழுதிவைப்பது. இதற்கு ஏஐ நன்றாகக் கைகொடுக்கும். 'பதிவுக்கு அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் கேட்கிறோம், இதை எப்படி ஏமாற்றலாம்?' என்று கேட்டால், பத்துப் பதினைந்து வழிகளைக் கொட்டும். அதில் பாதி தேறாது. இன்னொருவர் பேரில் பதியும் வழி கட்டாயம் இருக்கும்.

ஒரே சொல்லுக்கு இரண்டு இடங்களில் இரண்டு அர்த்தம் இருப்பதைக் கண்டுபிடிப்பதிலும் இது கெட்டி. 'இசி ரூமா', அதாவது வீட்டார் என்ற சொல்லைப் பாருங்கள். புள்ளிவிவரத் துறைக்கு அது சேர்ந்து வாழ்ந்து, உணவு முதலான செலவைப் பொதுவாகப் பார்த்துக்கொள்ளும் கூட்டம். உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. எஸ்டிஆர் உதவித் தொகையில் விண்ணப்பதாரர், துணைவர், பிள்ளைகள் என்று கணக்கு போகிறது. ஒரே லயத்தில் பாட்டி, சித்தப்பா, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் என்று எட்டுப் பேர் இருந்தால், முதல் கணக்கில் ஒரு வீடு, இரண்டாவது கணக்கில் இரண்டோ மூன்றோ. இரண்டு ஆவணங்களையும் ஏஐயிடம் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் இந்த வித்தியாசம் பிடிபடும். பிடிபடாவிட்டால், தலைக்கு வருமானம் என்று கணக்குப் போடும்போது யாரோ ஒருவர் காகிதத்தில் பணக்காரர் ஆகிவிடுவார்.

எங்கே கைவிடுகிறது?

கேட்டதை அலசும், கேட்காததை அலசாது. கூட்டத்துக்கு வராதவர் ஒலிப்பதிவில் இல்லை. ஒலிப்பதிவில் இல்லாதது பட்டியலிலும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு குறுக்கு வழி பரவிவருகிறது: ஏஐயையே பயனராக நடிக்க வைப்பது. 'நீ அறுபது வயது தோட்டத் தொழிலாளி, இந்தச் செயலியைப் பற்றி உன் குறை என்ன?' என்று கேட்கிறார்கள். பதில் வழவழவென்று வரும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், எளிய மொழி வேண்டும், பொத்தான்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்று எல்லா ஊருக்கும் பொருந்துகிற அறிவுரை. பால் வெட்டியே கைரேகை தேய்ந்து, கட்டை விரலை இயந்திரம் ஏற்காமல் முகப்பில் திரும்பத் திரும்ப அழுத்திக் காட்டும் அனுபவம் அதில் தானாக வராது. வீட்டுக்கு ஒரே ஹேண்ட்போன், அதுவும் மகன் சிரம்பான் வேலைக்குக் கொண்டுபோய்விட்டான், ஓடிபி எண் அங்கே போகிறது என்பதும் வராது. தெரிந்தவர் எடுத்துக் கொடுத்தால், 'ஆமாம், அதுவும் முக்கியம்' என்று ஒப்புக்கொள்ளும். அவ்வளவுதான்.

பெயர் விஷயத்தை எடுங்கள். நம் அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்', 'ஏ/பி' என்று சாய்கோடு உண்டு. குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. சில இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஒருத்தர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருத்தர் தன் பெயரையே இரண்டு தடவை போடுவார். அப்புறம் வங்கிக் கணக்கோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று பணம் நிற்கும். ஆங்கிலத் தேவை ஆவணங்களில் பழகிய மாதிரி, முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகளைத்தான் இயல்பாக முன்மொழியும். கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிற அதிகாரி இருந்தால் அந்தப் பெட்டி நேராகப் படிவத்தில் வந்து உட்காரும்.

'அடையாள அட்டை எண் கட்டாயம்' என்பதும் அப்படித்தான். பிறப்புப் பத்திரம் இல்லாமலும் சிவப்பு அடையாள அட்டையோடும் வாழும் இந்தியர்களுக்காகவே 2011-ல் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கம் நடந்தது. அவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். அந்தக் கட்டாயப் பெட்டி எழுதப்படும்போது, அட்டை இல்லாதவர் அடுத்து எங்கே போவது என்ற கிளையும் எழுதப்பட வேண்டும். அந்த வரலாறு தெரிந்தவர் அந்த அறையில் இருந்தால்தான் அது நடக்கும்.

மொழியும் ஒரு தடை. "சம்பளம் பேங்க்ல மாசோக் ஆச்சா, சொக்சோ பொட்டோங் பண்ணிட்டாங்களா" என்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில். நூல் தமிழில் பயின்ற பேச்சறி மென்பொருளுக்கு இது வேற்றுக் கிரகம். மேலும் பல பெருமொழி மாதிரிகள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக நறுக்கிப் படிக்கின்றன, அதனால் செலவும் கூடுகிறது. நிலைமை மாறாமலும் இல்லை. சிங்கப்பூரின் 'சீ-லயன்' மாதிரி தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்தே பயிற்றுவிக்கப்பட்டது. ஆனால் சிங்கப்பூர்த் தமிழ் வேறு, சுவா தோட்டத்துப் பேச்சு வேறு.

இது ஏன் இப்போது?

தேசிய ஏஐ அலுவலகம் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்கப்பட்டது. 2025-ல், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களின் அன்றாட வேலைக்குக் கூகுளின் ஜெமினி கொண்டுவரப்பட்டது. அதாவது, அடுத்த உதவித் தொகைப் படிவத்தின் தேவைப் பட்டியலை வரைய உட்காரும் அதிகாரியின் மேசையிலேயே கருவி இருக்கிறது. முன்பு மூன்று வாரம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியதை மூன்று மணி நேரத்தில் வரையலாம். மிச்சமாகும் நேரத்தில் அவர் போர்ட்டிக்சனுக்கு வண்டி எடுத்துக் கிளம்புவாரா, இல்லை வரைவு முடிந்தது என்று கோப்பை மூடுவாரா என்பதை எந்தக் கருவியும் தீர்மானிக்காது. மேலதிகாரி எதைக் கேட்கிறாரோ அதுதான் நடக்கும். களத்துக்குப் போகாத தேவைப் பட்டியலில் கையெழுத்துப் போடக் கூடாது என்ற விதி இருந்தால் பாதி பிரச்சினை தீரும் என்பது என் கருத்து.

நீங்கள் என்ன செய்யலாம்?

மென்பொருள் வெளியான பிறகும் தேவைகளைத் திரட்டும் வேலை நிற்பதில்லை. புகார்களும் செயலிக்கு எழுதும் கருத்துரைகளும்தான் அடுத்த பதிப்பின் தேவைகள். கருத்துரைகளைக் கோளாறு, புது வசதிக் கோரிக்கை, வெறும் பாராட்டு என்று தானாகப் பிரிக்கும் முறைகள் 2015 முதலே ஆய்வுகளில் உண்டு. அந்தச் சல்லடையில் உங்கள் புகார் எந்தப் பக்கம் விழுகிறது என்பது நீங்கள் எழுதும் விதத்தைப் பொறுத்தது. 'சிஸ்டம் பாடாவதி, ஒண்ணுமே வேல செய்யல' என்று எழுதினால் கோபமாகப் பதிவாகும், கோளாறாகப் பதிவாகாது.

அரசுச் சேவை என்றால் 'சிஸ்பா' புகார் முறை வழியாக அந்தந்தத் துறைக்கே எழுதலாம். எந்தப் பக்கம், எந்தப் பெட்டி, நீங்கள் தட்டியது என்ன, திரையில் வந்த செய்தி என்ன என்பதை அப்படியே எழுதுங்கள். முடிந்தால் திரையைப் படம் பிடித்து இணைத்துவிடுங்கள். படத்தில் அட்டை எண் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். 'என் பெயரில் ஏ/பி இருக்கிறது, சாய்கோடு போட்டால் ஏற்கவில்லை, போடாவிட்டால் வங்கியில் பெயர் ஒத்துப்போகவில்லை' என்று இரண்டு வரி போதும். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள், வீட்டுப் பிள்ளைகளை மலாயில் எழுதித் தரச் சொல்லலாம். அப்போது 'போலே' வருகிற இடங்களில் கட்டாயம் என்றால் 'மெஸ்தி' என்றே எழுதச் சொல்லுங்கள்.